ஐம்பத்தாறு வயதில் தொட்டில்

சர்வே இலாகாவில் முப்பது வருஷம் கேம்ப் குமாஸ்தாவாக இருந்தவனுக்குத் தரை என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சேலம் ஜில்லாவில் என் முதுகு படாத மண் கிடையாது. செம்மண்ணா, களிமண்ணா, சுண்ணாம்புக்கல்லா என்று கண்ணை மூடிக்கொண்டு முதுகாலேயே சொல்லிவிடுவேன். மல்லசமுத்திரம் கேம்பில் என் செருப்பைத் தேள் போட்டுக்கொண்டு போய்விட்டது. ஒற்றைத் தேள் அல்ல, தம்பதி. ஆளுக்கொரு செருப்பு.

ஆகவே பென்ஷன் வாங்கிய அன்றே ஒரு முடிவு செய்தேன். இனி வெளியூர் போனால் தரையில் படுப்பதில்லை.

இந்த யோசனையை எனக்குத் தந்தவர் ஏற்காட்டுக் கேம்புக்கு வந்த ஒரு துரை. இரண்டு மரங்களுக்கு நடுவே நீளமான துணியைக் கட்டி, அதற்குள் ஏறி, வயிற்றின்மேல் புத்தகத்தைக் கவிழ்த்துப் படுத்துக்கொள்வார். கீழே தேள் போகும், பாம்பு போகும், நான் பைல்களோடு போவேன். அவர் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருப்பார். அவர் விட்ட குறட்டையில் பக்கத்துத் தோட்டத்துக் காப்பிப்பழமெல்லாம் தானாக உதிர்ந்தது. பறிக்க வந்த ஆட்கள் கூடையை வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

நான் பென்ஷன் வாங்கியது மேட்டூர் அணை கட்டி முடித்த வருஷம். ஆட்டையாம்பட்டியில் எங்கள் தெருக்காரர்கள் பத்துப் பேர் ஆடிப் பதினெட்டுக்குக் கொல்லிமலை ஏறுவது என்று கிளம்பினார்கள். மலையில் மூன்று நாள் வெட்டவெளியில்தான் வாசம். "நானும் வாரேன்" என்று முதல் ஆளாகக் கையைத் தூக்கினேன். தூக்கிய கையை இறக்குவதற்குள் செய்தி என் மனைவி நல்லம்மாளுக்குப் போய்விட்டது.

"ஏனுங்க, முப்பது வருஷம் கேம்பு கேம்புன்னு போனீங்க. இப்பத்தான் ஊட்டோட இருக்கீங்க. மறுக்காவும் காட்டுல போய்த் தரையில படுக்கோணுமா?"

"தரையில இல்ல நல்லம்மா. தொட்டில்ல."

"தொட்டில்லயா? ஆரு ஆட்டறது?"

இதற்கு மேல் அவளோடு பேசுவது ஆபத்து என்று, அவள் தம்பி சின்னண்ணன் வீட்டுக்குப் போனேன். எங்கள் வகையறா முழுக்கத் தறிக்காரர்கள். நான் ஒருவன்தான் பேனா பிடித்துக் கெட்டவன். சின்னண்ணனுக்கு ஆறு தறி. தறியைத் தவிர உலகத்தில் இருக்கும் மற்றதெல்லாம் தறிக்கு உதிரி சாமான் என்று நினைப்பவன்.

துணியைப் பற்றியே ஒரு வாரம் சண்டை போட்டோம். பவானி ஜமக்காளம் வேண்டும் என்றேன் நான். "அதையத் தூக்கிட்டு மலையேறோணும்னா உங்களத் தூக்க தனியா ரெண்டு ஆள் வேணும் மாமா" என்றான் அவன். கோணிப்பையைத் தைத்துப் பார்த்தோம். உள்ளே படுத்து எழுந்தால் உடம்பெல்லாம் தடிப்பு. என் முதுகைப் பார்த்த நாவிதர் அம்மை போட்டிருக்கிறது என்று வேப்பிலை கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். கடைசியில் சின்னண்ணனே ஒரு தறியைக் காலி செய்து, இரட்டை இழையில், கெட்டியாக, ஏழு முழ நீளத்துக்கு நெய்து தந்தான். யானையைப் போட்டு ஆட்டினாலும் கிழியாது. யானை சம்மதிக்காததால் சோதித்துப் பார்க்கவில்லை.

கயிறும் லேசில் அமையவில்லை. தேங்காய்நார்க் கயிறு இழுக்க இழுக்க நீண்டது. கற்றாழை நார் உள்ளங்கையை அறுத்தது. கிணற்றில் மாடு கட்டிக் கவலை இறைக்கிற வடம் ஒன்று கொண்டுவந்தேன். அதில் சங்ககிரி மலையைக் கட்டி ஈரோட்டுக்கு இழுத்துப் போகலாம். ஆனால் முடிச்சுப் போடத்தான் நாலு பேர் வேண்டும். கடைசியில் வண்டியில் பாரம் கட்டுகிற பருத்திக் கயிறுதான் கைக்கு அடங்கியது. கயிறு மரத்தை அறுக்காமலிருக்கக் கோணித்துண்டு, எறும்பு கயிறு வழியாக இறங்கி வராமலிருக்க வேப்பெண்ணெயில் நனைத்த துணித் திரி, மழைக்கு மேலே கட்ட ஒரு தார்ப்பாய். கோட்டையைப் பிடிக்கப் போகிறவன்கூட இவ்வளவு சாமான் சேர்த்திருக்க மாட்டான்.

முதல் வெள்ளோட்டம் எங்கள் தெருவிலேயே நடந்தது. அங்கேதான் வந்தது வினை.

எங்கள் தெருவில் விடிந்தால் பாவு நீட்டுவார்கள். தறியில் ஏற்றுமுன் நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக்கட்டிக் கஞ்சி போடுகிற வேலை. அதற்கென்று ஊன்றிய முளைகளில்தான் சின்னண்ணன் என் தொட்டிலைக் கட்டினான். தறிக்காரன் கையில் துணி தொங்கினால் அது அவன் குலத்துக்கே இழுக்கு. பாவை இழுப்பதுபோலவே இழுத்தான். பற்றாதென்று மற்ற தறிக்காரர்களும் வந்து ஆளுக்கொரு கை இழுத்தார்கள். விரலால் சுண்டினால் டங்கென்று தவில்போல் பேசியது.

"இதுதானுங் மாமா கட்டு! ஒரு சுருக்கம் பாருங்க? ஏறுங்க!"

நானும் தறிக்கார வீட்டில் பிறந்தவன்தானே. அந்த விறைப்பைப் பார்த்து எனக்கும் நெஞ்சு நிமிர்ந்தது. ஏறினேன். ஏறினேன் என்பது தப்பு, ஏறி முடிக்கவில்லை. துணி ஒரு சுற்றுச் சுற்றி என்னை மேலே வீசியது. போன உயரத்தில் திருச்செங்கோட்டு மலை முழுசாகத் தெரிந்தது. இவ்வளவு தூரம் வந்தோமே என்று அர்த்தநாரீசுவரருக்கு அங்கிருந்தபடியே ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் இறங்கினேன். இறங்கின இடம் கஞ்சித் தொட்டி.

தெருவே சிரித்தது. கஞ்சி சொட்டச் சொட்ட நின்ற என்னைச் சுற்றி வந்து பார்த்தாள் நல்லம்மாள். "நல்லா வெறப்பாத்தான் இருக்கீங்க. அப்படியே தறியில ஏத்திரலாம்" என்றாள்.

"கட்டுல ஒரு கொறையும் இல்லீங்கக்கா. மாமாவுக்குத்தான் படுக்கத் தெரியல" என்றான் சின்னண்ணன்.

"மூளையிருக்குதாடா உனக்கு? நாலு புள்ளைக்குத் தொட்டில் கட்டுனவ நான். தொட்டில்னா தொங்கோணும்டா. வயிறு தள்ளித் தொங்கோணும். பாவாட்டம் இழுத்தா உருண்டு உழுகாம என்ன பண்ணுவாரு?" அப்புறம் என் பக்கம் திரும்பினாள். குரல் மாறியது. "கொல்லிமலையில இப்படிக் குப்புற உழுந்தா, அங்க கஞ்சித் தொட்டி இருக்காதுங்க. பாறதான் இருக்கும். ஒரே ஒரு வாட்டி உடறேன். மத்தியானச் சோறு தின்னுட்டு ஏறிப் படுக்கோணும். மேயப்போன மாடு திரும்பற வரைக்கும் உழுகவும் கூடாது, கால் தரையில படவும் கூடாது. பட்டுது, கொல்லிமலையை மறந்துட்டு ஊட்ல உக்காந்து தார் சுத்தோணும்."

தறிக்கு நூல்கண்டு சுற்றுகிற அந்த வேலையைச் சிறுவயதில் செய்திருக்கிறேன். அதற்குத் தேள் எவ்வளவோ தேவலை. ஒப்புக்கொண்டேன்.

இரண்டாவது வெள்ளோட்டத்துக்கு ஊர்க் கண் படாத இடமாகத் தேடினேன். ராசிபுரம் போகிற சாலையில் ஒரு குறுக்கு வழியில் இறங்கினால் சின்ன அம்மன் கோயில், அதன் பின்னால் நாலைந்து மரங்கள். மரம் தேர்ந்தெடுப்பதில் நான் புலி. தென்னை ஆகாது, தலையில் காய் விழும். புளியமரம் ஆகாது, நிழலே உஷ்ணம். ஆனால் அங்கே இரண்டு வேம்புகள் ஒன்றுக்கொன்று ஆறேழு தப்படி தள்ளி, எனக்கென்றே நட்டுவைத்ததுபோல் நின்றன. ஒன்றின் கிளைகளில் வெளுத்துப்போன கந்தல் துணிகள் நிறையத் தொங்கின. பக்கத்துக் காட்டுக்காரர்கள் கிளி விரட்டக் கட்டியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். முப்பது வருஷம் தரையையே பார்த்தவன் மரத்தை அண்ணாந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை வண்டி கட்டிக்கொண்டு மூவரும் போனோம். வெள்ளிக்கிழமை என்பதையும் நான் யோசிக்கவில்லை.

இந்தத் தடவை நானே கட்டினேன். துணியின் இரண்டு முனையையும் புடவைக் கொசுவம்போல் மடித்துச் சுற்றி இறுக்கி, கயிற்றை மரத்தில் உயரமாகப் போட்டு, நடுவில் நன்றாகத் தொங்கவிட்டேன். சின்னண்ணனால் அந்தத் தொய்வைக் கண்ணால் பார்க்க முடியவில்லை. "ஒரு சாண் மட்டும் இழுத்துக்கறேனுங் மாமா" என்று கெஞ்சினான். பார்க்காதே என்று அவனை மாட்டுக்குத் தண்ணீர் காட்ட அனுப்பிவிட்டேன்.

சாப்பிட்டு, ஏறிப் படுத்தேன். நேராகப் படுத்தால் முதுகு வாழைப்பழமாக வளைந்தது. கொஞ்சம் குறுக்காகத் திரும்பினேன். அடடா! துணி அகலமாக விரிந்து முதுகு முழுக்கத் தாங்கிக்கொண்டது. இந்திரலோகத்தில்கூடக் கட்டில்தான் வைத்திருப்பார்கள், பாவம். நல்லம்மாள் எதிரே பாயை விரித்து, வெற்றிலை மடித்துக்கொண்டு, நான் விழுவதற்காகக் காத்திருந்தாள். காத்திருந்தவளைப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போனேன்.

விழித்தபோது கற்பூர வாசனை. பாதத்தில் ஏதோ ஜில்லென்றது. தலையைத் தூக்கிப் பார்த்தால், யாரோ ஒரு பெண் என் கால் கட்டைவிரலுக்குக் குங்குமம் வைத்துக்கொண்டிருக்கிறாள். தொட்டிலைச் சுற்றி ஐம்பது, ஏன், ஐந்நூறு பெண்கள் பொங்கல் பானையோடு நிற்கிறார்கள். என் கயிற்றில் மஞ்சள் துணியில் முடிந்த குட்டிக் குட்டித் தொட்டில்கள் வரிசையாகத் தொங்குகின்றன. அண்ணாந்து அந்தக் கந்தல்களைப் பார்த்தேன். எல்லாம் தொட்டில்கள்! பிள்ளை வேண்டுமென்று அம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் கட்டிவைத்தவை.

"இத்தாம் பெரிய தொட்டில இந்த மரம் பாத்ததே இல்லீங்க" என்றாள் ஆத்தாயி என்ற கிழவி. அந்த ஊருக்கே பெரியவள் போலிருக்கிறது. அவள் வாயைத் திறந்தால் மற்றவர்கள் மூடிக்கொண்டார்கள். என்னைப் பார்த்து, "இத்தன வயசுக்கு மேலயும் நம்பிக்கையை உடாம வந்திருக்கீங்களே சாமி! இந்த ஆத்தா கை உட மாட்டா. ரட்டைப் புள்ளையாவே குடுப்பா" என்றாள்.

எனக்கு நாலு பிள்ளைகள், ஏழு பேரன் பேத்திகள். குதித்து ஓடிவிடலாம் என்று காலை எடுத்தேன். எதிரே நல்லம்மாள் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். தரையில் பட்டால் கொல்லிமலை போச்சு. காலை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

"அம்மிணி, நீதான் சம்சாரமா? உனக்கா வேண்டுதல்?" என்று அவளிடம் போனாள் ஆத்தாயி.

வெட்கத்தில் நல்லம்மாள் செத்துப்போவாள் என்று பயந்தேன். அவளுக்கா வெட்கம்! வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு எழுந்து வந்தாள்.

"எனக்குப் புதுசா எதுக்குங் கொழந்த? இதோ கெடக்குதே, இதுதானுங் அந்தக் கொழந்த. பென்சன் வாங்குனதுல இருந்து நாந்தான் வளக்கறேன். தரையில படுக்க மாட்டேங்குது, சொன்ன பேச்சும் கேக்க மாட்டேங்குது."

"அப்ப என்ன வேண்டுதல்?"

"புத்தி வரோணும்னுதானுங்."

ஆத்தாயி சிரிக்கவே இல்லை. வேண்டுதல் என்றால் வேண்டுதல்தான். "அதுக்கென்ன, ஆட்டுங்கடீ!" என்றாள். ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஆட்டினார்கள் பாருங்கள்! ஒரு வீச்சுக்கு ராசிபுரம் தெரிந்தது, மறு வீச்சுக்குச் சேலம். வேப்பங்கொழுந்து வாயில் வந்து விழுந்தது, மென்று தின்றேன். வேறு வழி? இரண்டு கையாலும் துணியைப் பிடித்துக்கொண்டு, உடம்பைக் குறுக்காகவே வைத்துக்கொண்டேன். நேராகியிருந்தால் அன்றைக்கு மேட்டூர் அணையில் போய்த்தான் விழுந்திருப்பேன்.

"புத்தி வந்துதுங்களா?" என்று ஒவ்வொரு வீச்சுக்கும் கேட்டாள் நல்லம்மாள்.

"மாடு வந்துதா?" என்று கத்தினேன் நான்.

வந்தது. குறுக்கு வழியில் முதலில் மணிச் சத்தம், பிறகு புழுதி, பிறகு சிவலை மாடு ஒன்று. கை தட்டிக்கொண்டு ஓடிவந்தான் சின்னண்ணன். "மாடு திரும்பிருச்சுங்கக்கா! மாமா உழுகலீங்க! கால் படலீங்க!" அவன் யார் பக்கம் என்று அன்றுவரை எனக்குச் சந்தேகமாக இருந்தது.

ராஜாவைப்போல் இறங்கினேன். தலை சுற்றியதால் மரத்தைப் பிடித்துக்கொண்ட ராஜா. பிடித்த கையோடு முடிச்சை அவிழ்க்கப் போனேன்.

"அவுக்கப்படாது சாமி!" என்று ஆத்தாயி கையைத் தட்டிவிட்டாள். "இந்த மரத்துல கட்டுன தொட்டில் ஆத்தாளுக்குச் சொந்தம். அவுத்தா வேண்டுதல் பலிக்காது."

"எனக்குப் புத்தி வராட்டிப் போகுது, ஆத்தா."

"அது உங்களுக்கு. கூடக் கட்டியிருக்கறவங்க தொட்டிலெல்லாம்?"

என் கயிற்றில் தொங்கின குட்டித் தொட்டில்களைப் பார்த்தேன். அதில் ஒன்றைக் கட்டின சின்னப் பெண் ஒருத்தி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையை எடுத்துவிட்டேன்.

வண்டி கட்டிக் கிளம்பினோம். கொல்லிமலை கிடைத்துவிட்டது, தொட்டில் போய்விட்டது. ஆடிப் பதினெட்டுக்கு நாலே நாள். இன்னொன்று நெய்யச் சின்னண்ணனிடம் தறி காலியில்லை. தார் சுற்றுகிற ராட்டை என் காதில் சுழல ஆரம்பித்தது.

மல்லூர் தாண்டியதும் நல்லம்மாள்தான் வாயைத் திறந்தாள். "பெட்டியில என்ற நூல் பொடவை ஒண்ணு கெடக்குது. நாலு புள்ளையும் அதுலதான் தூங்குச்சு. கிழியாது."

"நல்லம்மா!"

"இருங்க, முழுசாச் சொல்லிக்கறேன். நானும் வாரேன். முப்பது வருஷமா கேம்புக் கதை கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு. ஒரு கேம்பையாவது கண்ணுல பாக்கோணும்."

மலைக்கு வந்தாள். பலாமரங்களுக்கு நடுவே அந்தப் புடவையைக் கொசுவம் மடித்து, தொய்வு பார்த்து, வேப்பெண்ணெய்த் திரி சுற்றி, ஒரு குறையில்லாமல் கட்டினேன். "ஆடுதா, இல்லையான்னு பாக்கறேன்" என்று ஏறினாள். குறுக்காகப் படுக்கவேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் தானாகவே குறுக்காகத் திரும்பி, வயிற்றின்மேல் வெற்றிலைப் பையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டாள்.

மூன்று நாளும் அவள் இறங்கவில்லை. நான் பக்கத்தில் பாறைமேல் துண்டை விரித்துப் படுத்து, கொல்லிமலை மண்ணையும் முதுகால் ருசி பார்த்து முடித்தேன். எந்த நேரமும் விழுவாள், உடனே ஏறிக்கொள்ளலாம் என்று கண்ணை மூடாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு தடவைகூட விழவில்லை.