சுருட்டை வந்த தூரம்

கடையை மச்சினனுக்கு விற்றபோது, சலூன்காரர் ஆங்கிலப் பத்திரத்தில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். இனி வீட்டில் கால் நீட்டி உட்காருவதாகத் திட்டம். சில மாதங்களிலேயே மனைவி கையெடுத்துக் கும்பிட்டாள்.

"எங்கேயாவது கடை போட்டுத் தொலைங்க. டப்பாவையெல்லாம் மாத்தி மாத்தி அடுக்கி, உப்பு எது சர்க்கரை எதுன்னே தெரியலை!"

ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் சின்ன அறை ஒன்றைப் பிடித்தார். நாற்காலி வந்து இறங்கிய அன்றே மச்சினன் பத்திரத்தோடு வந்து நின்றான்.

"மாமா, விசினிட்டியில கடை போடமாட்டேன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க."

"அப்படின்னா?"

"அக்கம்பக்கம்."

"ஆத்தையே தாண்டிட்டேன். இன்னும் என்னடா அக்கம்பக்கம்?"

இருவரும் வக்கீலிடம் போனார்கள்.

"அந்த வார்த்தைக்கு அளவு கிடையாது," என்றார் வக்கீல். "தண்ணிக் குழாய்க்கு நாலு வீடு விசினிட்டி. எரிமலைக்கு நாலு ஊரு விசினிட்டி. எதைச் சொல்றோமோ அதுக்குத் தகுந்தபடி நீளும், சுருங்கும்."

"சலூனுக்கு?"

"முடி வெட்டிக்க ஒருத்தன் எவ்வளவு தூரம் போவானோ, அவ்வளவு."

மச்சினன் அதையே பிடித்துக்கொண்டான். "பழைய கடை கஸ்டமர் ஒருத்தர் உங்க நாற்காலியில உட்கார்ந்தாலும் மூடிடணும், மாமா."

சலூன்காரர் தலையாட்டினார். இந்த வெயிலில் பாலத்தைத் தாண்டி எவன் வரப்போகிறான்?

மறுநாள் ஷட்டரைத் தூக்கினால் வாசலில் பழைய கடை கஸ்டமர் சுருட்டை. பெயர்தான் சுருட்டை, உச்சந்தலை வழவழவென்று இருக்கும். காதோரம் மட்டும் கொஞ்சம் மிச்சம்.

"உள்ளே வராதய்யா! மச்சினன்கிட்டப் போ."

"ஏன், வழுக்கைன்னு இளக்காரமா? உன் மச்சினன் மெஷினை வச்சு மேஞ்சுடறான். எனக்கு இருக்கறதே ரெண்டு பிடி. அதுக்குத்தான் ரெண்டு பஸ் மாறி வந்திருக்கேன்."

சலூன்காரர் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். இவனைத் திருப்பி அனுப்பினால் கடை தப்பிக்கும். உட்கார வைத்தாலும் மச்சினனுக்கு யார் போய்ச் சொல்லப்போகிறார்கள்?

நாற்காலியைத் துடைத்து அவனை உட்கார வைத்தார். பிறகு தானே போனை எடுத்தார்.

"விசினிட்டிதான்டா. ஒத்துக்கறேன். இந்த ஒரு தலையை முடிச்சுட்டு மூடிடறேன்."

"யாரு மாமா?"

"சுருட்டை."

"அவருக்கு ஏது முடி?"

போனை வைத்துவிட்டு, துணியை உதறி அவன் கழுத்தில் கட்டினார். இரண்டு பிடி முடிதான். வெட்டி முடிக்க மத்தியானமாகிவிட்டது.