சில பக்கங்கள் மட்டும்

ஆஸ்திரேலியாவின் பண்டபர்க் ஊரில் கரும்பு ஆலை அரைவையைத் தொடங்கிய சமயம் கிளெனிஸ் பாஸ்கோவின் கணினியில் சில பக்கங்கள் திறக்காமல் போயின. வானிலை வந்தது, செய்தி வந்தது, கேக் செய்முறைகள் வந்தன. வீடு விற்கும் தளமும், டாஸ்மேனியாவில் அவளுடைய அக்கா மொய்ரா இருக்கும் முதியோர் குடியிருப்பின் தளமும் மட்டும் வெறும் வெள்ளையாக நின்றன.

கணவர் ரான் இறந்தபின் அந்த வீட்டில் தனியாக இருக்க அவளுக்கு மனமில்லை. மொய்ரா இருக்கும் பர்னியில் அவளுக்குப் பக்கத்து வீடு காலியாகப் போகிறது என்று தெரிந்ததும், இதை விற்றுவிட்டு அங்கே போகலாமென்று முடிவு செய்தாள். ஈஸ்டர் விருந்தில் மகளிடமும் மருமகனிடமும் சொன்னாள். லியேனும் டேலும் வாடகை கட்ட முடியாமல் சில மாதங்களுக்கென்று வந்து, வீட்டின் கீழ்த்தளத்தில் நிலைத்துவிட்டவர்கள். யாரும் மறுத்துப் பேசவில்லை. நன்றாக யோசித்துச் செய்யும்படி லியேன் சொன்னாள். டேல் இன்னொரு துண்டு ஆட்டிறைச்சி வைத்துக்கொண்டான். கொஞ்ச நாளில், பழைய மோடம் மெதுவாக இருக்கிறதென்று சொல்லிப் புதிதாக ஒன்றைக் கொண்டுவந்து அவனே மாட்டினான்.

பக்கங்கள் திறக்கவில்லை என்றதும் டேல்தான் வந்து பார்த்தான். மோடத்தை அணைத்துப் போட்டான். அவளையும் அப்படியே செய்யச் சொல்லிக் கொடுத்தான். தினமும் காலையில் அவள் முழங்கால் வலியோடு அலமாரிக்குக் கீழே குனிந்து பிளக்கைப் பிடுங்குவாள், பச்சை விளக்குகள் வரும்வரை காத்திருப்பாள். பிறகும் அதே வெள்ளைதான். கம்பெனிக்குப் பேசிவிட்டதாகவும், அந்தத் தளங்களில்தான் கோளாறு என்று அவர்கள் சொன்னதாகவும் டேல் சொன்னான். ஆனால் மொய்ராவோ தன் வீட்டில் இரண்டும் நன்றாகத் திறக்கின்றன என்றாள்.

"அப்போ நீ எழுத்தை மாத்தி அடிக்கிறம்மா," என்றாள் லியேன். "போன வாரம் அடுப்பையும் அணைக்க மறந்துட்ட."

அடுப்பை அணைத்த ஞாபகம் கிளெனிஸுக்கு இருந்தது. ஆனாலும் சந்தேகம் வந்துவிட்டது. முகவரியை ஒவ்வோர் எழுத்தாக வாய்விட்டுச் சொல்லி அடிக்க ஆரம்பித்தாள். ரானின் அம்மாவுக்கும் மறதிநோய் இப்படித்தான் தொடங்கியது என்று நினைத்துக்கொண்டாள். லியேன் அவளை டாக்டரிடம் கூட்டிப்போனாள். ஞாபகசக்தியைச் சோதிக்கக் கடிகாரம் ஒன்றை வரையச் சொன்னபோது முள்ளைத் தவறான இடத்தில் போட்டாள். அங்கேயே அழுதுவிட்டாள். லியேன் கையைப் பிடித்துக்கொண்டாள். இப்போதைக்குப் பெரிதாக எதுவும் இல்லை, கவனமாக இருங்கள் என்று டாக்டர் சொன்னதை இருவருமே காதில் வாங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் கிளெனிஸ் தானாகவே கார் சாவியை டேலிடம் கொடுத்தாள்.

பர்னி வீட்டுக்குப் பதிவு செய்துவிட்டாளா என்று மொய்ரா போனில் கேட்டுக்கொண்டே இருந்தாள். பதில் சொல்லக் கூச்சமாக இருந்ததால் கிளெனிஸ் போனை எடுப்பதையே குறைத்தாள்.

ஒரு புதன்கிழமை லியேன் கடைக்கும் டேல் ஆலை வேலைக்கும் போயிருந்தார்கள். மாடியில் காயப்போட்ட துணியில், வயலில் கரும்பை எரித்ததில் பறந்துவந்து விழுந்திருந்த சாம்பலை உதறிவிட்டு வந்து, கிளெனிஸே இணையக் கம்பெனிக்குப் போன் செய்தாள். மறுமுனையில் மேரிகார் என்று ஒரு பெண். நிதானமாகக் கேட்டாள். மற்ற பக்கங்கள் வருகின்றனவா? வருகின்றன. மோடத்தை அணைத்துப் போட்டீர்களா? கிளெனிஸுக்குச் சிரிப்பு வந்தது. கைபேசியில் வைஃபையை அணைத்துவிட்டு, சிம்மின் இணையத்தில் அதே முகவரியைப் போட்டுப் பார்க்கச் சொன்னாள் அந்தப் பெண்.

முதியோர் குடியிருப்பின் பக்கம் உடனே வந்தது. சிவப்புக் கூரை, பின்னால் கடல்.

"லைன்ல ஒண்ணும் கோளாறு இல்லைங்க," என்றாள் மேரிகார். "உங்க வீட்டு மோடத்துலயே அந்தப் பக்கங்களை யாரோ தடுத்து வெச்சிருக்காங்கன்னு நினைக்கிறேன். வீட்டுல சின்னப் பிள்ளைங்க இருக்காங்களா? பெரும்பாலும் அவங்களுக்காகத்தான் இப்படிச் செய்வாங்க."

"இல்ல," என்றாள் கிளெனிஸ். "நான்தான் இருக்கேன்."

மோடத்தின் பின்பக்கத் துளையில் ஊசியை அழுத்தினால் புதிதாக வந்தது போல் ஆகிவிடும் என்று அந்தப் பெண் சொல்லிக்கொடுத்தாள். கிளெனிஸ் தரையில் உட்கார்ந்து அழுத்தினாள். பிறகு கணினியில் இரண்டு பக்கங்களும் திறந்தன. மொய்ராவுக்குப் பக்கத்து வீட்டில் வேறு யாரோ குடிவந்துவிட்டதாகப் போட்டிருந்தது.

மாலையில் லியேன் வந்தபோது கிளெனிஸ் சமையலறை மேசையருகே உட்கார்ந்திருந்தாள். மேரிகார் சொன்னதை அப்படியே சொன்னாள். லியேன் பைகளை இறக்கி வைத்தாள், பாலை எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்தாள்.

"டேல்தான் செஞ்சான். எனக்கு அப்புறமாத்தான் தெரியும்."

"அப்புறம்னா எப்போ?"

லியேன் அடுத்த பையைப் பிரித்தாள்.

"டாக்டர்கிட்டப் போறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடி," என்றாள் லியேன். "நீ வித்துட்டா நாங்க எங்கம்மா போறது? அதை நீ ஒரு தடவையாவது கேட்டியா?"

கேட்கவில்லைதான். அது கிளெனிஸுக்கு உறைத்தது. ஆனாலும் டாக்டரின் அறையில் தன் கையைப் பிடித்திருந்த அந்தக் கையை நினைத்தாள். கார் சாவியைத் திருப்பித் தரும்படி மட்டும் கேட்டாள்.

டேல் மன்னிப்புக் கேட்கவில்லை. யாரோ ஏமாற்றி அவள் வீட்டைப் பிடுங்கிவிடக் கூடாதென்று செய்ததாகச் சொன்னான். வசந்தத்தில் வீடு விற்றுப்போனது. லியேனும் டேலும் ஜின் ஜின் என்ற ஊர்ப் பக்கம் ஒரு வாடகை வீட்டுக்குப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் லியேன் போன் செய்வாள். மழை பெய்ததா என்று இருவரும் கேட்டுக்கொள்வார்கள்.

பர்னியில் கிளெனிஸுக்கு வேறு தெருவில்தான் இடம் கிடைத்தது. புதிய மோடத்தை மாட்ட வந்தவரை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுக் கடவுச்சொல்லை அவளே போட்டாள். ஒரு பிற்பகல் மொய்ரா தன் டேப்லெட்டோடு வந்து கடவுச்சொல்லைக் கேட்டாள். கிளெனிஸ் டேப்லெட்டை வாங்கி, ஒரு கையால் திரையை மறைத்துக்கொண்டு தானே அடித்துக் கொடுத்தாள்.

"நான் என்ன திருடியாடி?" என்று மொய்ரா சிரித்தாள்.

கிளெனிஸ் சிரிக்கவில்லை. மொய்ரா தேநீரைக் குடித்து முடித்துவிட்டு எழுந்துபோனாள். இப்போதும் வருகிறாள், டேப்லெட்டைக் கொண்டுவருவதில்லை.