கிழட்டு கீப்பரின் திரி

என் வீட்டுக்காரர் ராய் கிவெலா பிப்ரவரி முதல் புதன்கிழமை காலையில், வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்தபோது விழுந்தார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது. இந்தச் சேதியை நான் என் வாயால் யாருக்கும் சொல்லவில்லை. மகள் கிறிஸ்டாவுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் போன் செய்தார். பாதிரியாருக்குக் கிறிஸ்டா சொன்னாள். பத்திரிகை அறிவிப்பையும் அவளே எழுதினாள். தபால் நிலையத்திலும் கடையிலும் எல்லோருக்கும் முன்னாலேயே தெரிந்திருந்தது. நான் தலையை ஆட்டினால் போதும்.

அழவும் இல்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, உடம்பு முழுக்க எனக்கு அப்படி இருந்தது. வந்தவர்கள் எல்லோரும் என்னைத் தைரியசாலி என்று சொல்லிவிட்டு, கொண்டுவந்த பாத்திரங்களை வைத்துவிட்டுப் போனார்கள்.

அடக்கமும் ஆகவில்லை. எங்கள் பக்கம் குளிர்காலத்தில் குழி தோண்ட முடியாது, மண் இரும்பாக இருக்கும். கல்லறைத் தோட்டத்தின் கல் கட்டடத்தில் பெட்டிகள் வரிசையாக மே மாதம் வரை காத்திருக்கும். சனிக்கிழமை தேவாலயத்தில் பாட்டு, பிரார்த்தனை, அடித்தளத்தில் காபி, பன் எல்லாம் முறைப்படி நடந்தன. ராயை மட்டும் மேக்குத் தள்ளிவைத்துவிட்டார்கள்.

அந்தச் சனிக்கிழமைக்கு முந்தின நாள்தான் நான் இந்த வேலையைச் செய்தேன்.

வெள்ளி மத்தியானம். ராயின் கணினி திறந்தபடியே கிடந்தது. அதை மூடத்தான் போனேன். திரையில் 'கண்ணாடிக்குப் பின்னால்' என்ற பக்கம் இருந்தது. எங்கள் ஐயன் கோவ் பல்கலைக்கழகத்து ஐஸ் ஹாக்கி அணியான லூன்களின் ரசிகர்கள் இணையத்தில் கூடிப் பேசுகிற இடம். ஒரு விஷயத்தைப் பற்றி அடுக்கடுக்காகப் பதிவு போட்டுக்கொண்டே போனால் அதற்குத் திரி என்று பெயர். பேச்சு என்று மரியாதைக்குச் சொல்கிறேன். பயிற்சியாளரைத் துரத்தவேண்டும் என்று ஒரு திரி மூன்று வருடமாக ஓடுகிறது. நன்றாக ஆடுகிற பையன்களையெல்லாம் பெரிய பல்கலைக்கழகங்கள் கொத்திக்கொண்டு போவதைப் பற்றி ஒரு ஒப்பாரித் திரி. கழிவறை வரிசை பற்றிக்கூட நாற்பது பக்கம் உண்டு. அரிசோனாவில் இருப்பவர், டுலுத்தில் இருப்பவர், எங்கள் தெருவிலேயே இருக்கக்கூடியவர் என்று ஒரு அறுபது பேர். யாருக்கும் யாருடைய நிஜப் பெயரும் தெரியாது. ராயின் பெயர் அங்கே 'கிழட்டு கீப்பர்'.

கல்லூரிக் காலத்தில் ராய் நான்கு வருடம் அந்த அணியின் மூன்றாவது கோல்கீப்பர். பயிற்சியில் நின்று அடி வாங்குவதுதான் வேலை. ஒரு ஆட்டத்தில்கூட இறக்கப்பட்டதில்லை, பதிவேட்டில் பெயரும் கிடையாது. அதை அவரே அங்கே உளறி வைத்திருந்தார். 'பெனால்டி பெட்டி' என்ற ஒருவருக்கு அது போதாதா?

"யோவ் கீப்பர், வாழ்க்கையில ஒரு கோல்கூட விடாத ஒரே ஆளு நீதான்யா. ஏன்னா உன்னை எவனும் உள்ளயே விடல."

"தோத்ததும் இல்லடா. எழுதி வச்சுக்கோ."

இப்படி ஏழு வருடம். சமையலறையில் இருக்கிற எனக்கு ராய் வாசித்துக் காட்டுவார். நான் "ம்" என்பேன். எனக்கு ஹாக்கி பிடிக்காது.

அங்கே ஒரு சட்டம் உண்டு. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒருவர் புதுத் திரி ஆரம்பிப்பார். அணி ஜெயித்தால், தோற்கிற வரை அடுத்தடுத்த திரியும் அவர்தான் ஆரம்பிக்கவேண்டும். முதல் பதிவில் ஆடுகிறவர்களின் வரிசை, எதிர் அணிக்கு ஒரு வசவு, தான் என்ன சாப்பிடுகிறோம் என்ற விவரம், இந்த மூன்றும் இருக்கவேண்டும். ஜெயிக்கிற வரை சாப்பாடும் மாறக்கூடாது. தோற்றால் பழி முழுக்கத் திரி ஆரம்பித்தவர் தலையில். எல்லோரும் வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். அவர் "தப்பு என்னோடது, போறேன்" என்று எழுதிவிட்டு வெளியேறவேண்டும். மறு அக்டோபரில் முதல் ஆட்டம் வரும்வரை அங்கே தலை காட்டக்கூடாது. வளர்ந்த மனிதர்கள் இதையெல்லாம் சிரிக்காமல் செய்வார்கள்.

ராய் திரி ஆரம்பித்து நான்கு ஆட்டம் ஜெயித்திருந்தார்கள். அந்த வெள்ளி மத்தியானம் முப்பத்தேழு பேர் அவரைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

"கீப்பர் எங்கய்யா? மணி மூணாச்சு."

"யாராவது அந்தாளைத் தட்டி எழுப்புங்க."

"வேற யாரும் கை வச்சிராதீங்க. தோத்தோம்னா நான் பொறுப்பில்ல."

சேதியைச் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்தேன். 'ராய்' என்று ஆரம்பித்தால் யார் ராய் என்பார்கள். 'கிழட்டு கீப்பர்' என்று ஆரம்பித்தேன். அடுத்த சொல் வரவில்லை. விரல் அந்த எழுத்துகளின் மேல் இறங்கவே இல்லை. பக்கத்துக் காகிதத்தில் ராய் கையெழுத்தில் அன்றைய வரிசை இருந்தது, செவ்வாய்க்கிழமையே எழுதி வைத்துவிட்டார். அதைப் பார்த்துப் பார்த்து அடித்தேன். எதிர் அணிக்கு ஒரு வசவு அடித்தேன். சாப்பாடு: பாஸ்டி, கெட்சப்புடன். அனுப்பிவிட்டேன். ஒரு சாவைச் சொல்வதைவிட இருபது பையன்களின் பெயரை அடிப்பது சுலபமாக இருந்தது.

அன்று ஜெயித்தார்கள். சனிக்கிழமை, தேவாலயத்திலிருந்து வந்து கறுப்பு உடையைக்கூட மாற்றாமல் அடுத்த திரியை ஆரம்பித்தேன். அதிலும் ஜெயித்தார்கள். மாட்டிக்கொண்டேன்.

பாஸ்டி சாப்பிட்டதாகப் பொய் எழுத மனம் வரவில்லை. அதனால் நிஜமாகவே சாப்பிட்டேன். மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் மாவுக்குள் வைத்துச் சுட்ட அந்தப் பண்டத்துக்கு நான் குழம்பு ஊற்றிச் சாப்பிடுகிற குடும்பம், ராய் கெட்சப் குடும்பம். கல்யாணமான வாரமே இதில் எங்களுக்குச் சண்டை வந்தது, நாற்பத்தொரு வருடத்தில் யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. இப்போது வாரம் இரண்டு நாள் அவருடைய நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து கெட்சப் ஊற்றித் தின்றேன். எந்த ருசியும் தெரியவில்லை. அட்டையைக் கொடுத்திருந்தாலும் தின்றிருப்பேன்.

மூன்றாவது வாரம் பெனால்டி பெட்டிக்குச் சந்தேகம் வந்தது.

"என்னய்யா கீப்பர், திரியைத் திறந்துட்டு ஓடிடுற? திட்டினாலும் பதில் இல்ல. உடம்பு கிடம்பு சரியில்லையா?"

பதிலுக்கு நான் என்ன எழுதுவது? அதற்குள் இன்னொருவர் குறுக்கே வந்தார்.

"டேய் பெட்டி, சும்மா இரு. கோல் விடாம நிக்கிற கீப்பர்கிட்ட எவனாவது இடைவேளையில பேசுவானா? அந்தாளு வேணும்னே வாயைக் கட்டிட்டு இருக்காரு. கண்ணு வச்சிராதே."

"ஓ, அப்படியா. மன்னிச்சுக்கய்யா. இனி மூச்சு விடமாட்டேன்."

அதோடு சரி. அறுபது பேரும் கீப்பரிடம் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். நான் திரி ஆரம்பிப்பேன், அவர்கள் எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் ஓரமாக ஒதுங்கிப் போய்த் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். செத்த மனிதனுக்கு இதைவிடப் பெரிய மரியாதை யாரும் செய்திருக்க முடியாது. என்ன, செத்தது மட்டும் அவர்களுக்குத் தெரியாது.

கிறிஸ்டா ஞாயிறுதோறும் கிரீன் பேயிலிருந்து போன் செய்வாள்.

"அம்மா, அவங்ககிட்ட சொல்லிடேன்."

"தோக்கட்டும். சொல்றேன்."

"அவங்க ஜெயிச்சுக்கிட்டே போனா?"

"எத்தனை நாளைக்கு ஜெயிச்சுடுவாங்க? உங்கப்பா கட்சிதானே."

"நான் வேணா எழுதட்டுமா?"

"வேணாம்." அது மட்டும் என்னிடமிருந்து வெடுக்கென்று வந்தது. எல்லாவற்றையும் அவள்தான் எழுதிவிட்டாளே. இதாவது என் கையால் போகட்டும் என்று நினைத்தேன்.

அவர்கள் தோற்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டு ஆட்டம் பார்த்த ஒரே லூன் ரசிகை நானாகத்தான் இருப்பேன். அதற்காகவே கணினியில் முழு ஆட்டத்தையும் பார்க்க ஆரம்பித்தேன். அந்தப் பாழாய்ப்போன பையன்கள் தோற்க மறுத்தார்கள். பிப்ரவரி முழுக்க எட்டு ஆட்டம், மார்ச்சில் காலிறுதி ஒன்று. ராயின் நான்கோடு சேர்த்துப் பதிமூன்று. பல்கலைக்கழக வரலாற்றிலேயே இப்படி நடந்ததில்லை என்று திரியில் ஆனந்தக் கூத்து. பயிற்சியாளரைத் துரத்தச் சொன்னவர்களே அவருக்குச் சிலை வைக்கச் சொன்னார்கள். நான் பாத்திரம் கழுவினேன், பனி தள்ளினேன், படுத்தேன், எழுந்தேன்.

அரையிறுதி ஒரு சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு, செயின்ட் ஆல்டன் அணியோடு. தோற்றால் பருவமே முடிந்தது. வரிசையை அடித்தேன். பாஸ்டியைச் சுட்டு, கெட்சப் ஊற்றி, கணினி முன்னால் வைத்துக்கொண்டேன்.

இரண்டுக்கு இரண்டு. கூடுதல் நேரம் ஆரம்பித்து ஆறாவது நிமிடத்தில் எங்கள் கோல்கீப்பர் பையன் வலது பக்கம் சாய்ந்தான், ரப்பர் வில்லை அவன் இடது காலுக்கும் கம்பத்துக்கும் நடுவே போய்விட்டது. செயின்ட் ஆல்டன் பையன்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கத்தினார்கள். எங்கள் பையன் முகமூடியைக் கழற்றாமல் முழங்காலிலேயே இருந்தான். ஒன்றரை மாதமாகக் கேட்டது கிடைத்துவிட்டது. எனக்கு நிம்மதியும் வரவில்லை, வருத்தமும் வரவில்லை.

திரிக்குப் போனேன். சட்டப்படி ஆரம்பித்துவிட்டிருந்தார்கள்.

"கீப்பர், எல்லாம் உன்னாலதான்யா. போ வெளியே."

"பாஸ்டிக்குக் கெட்சப் ஊத்துறவன் உருப்படுவானா? ஒழிஞ்சு போ."

"இனிமே இந்தப் பக்கம் வந்தே, கால ஒடச்சிருவேன்."

பெனால்டி பெட்டி ஒன்றரை மாதம் அடக்கி வைத்ததையெல்லாம் கொட்டியிருந்தார். "போய்த் தொலைய்யா கிழவா. உன் மூஞ்சிலயே முழிக்கக்கூடாது. அப்புறம், மனசாரச் சொல்றேன், பதிமூணு ஆட்டம். நன்றிய்யா. இப்ப போ."

போ, போ, போ என்று நாற்பது ஐம்பது பேர். எல்லாவற்றையும் ஒன்று விடாமல் படித்தேன். பிறகு எழுதினேன்:

"தப்பு என்னோடது, போறேன். நான் கீப்பர் இல்லை, கீப்பரோட மனைவி டோரீன். அவர் பேர் ராய். பிப்ரவரி முதல் புதன்கிழமை காலையில அவர் செத்துப்போயிட்டார். அன்னைக்கு வெள்ளிக்கிழமையில இருந்து திரி ஆரம்பிச்சது நான்தான். நீங்க எல்லாரும் காத்துக்கிட்டு இருந்தீங்க, எனக்குச் சொல்லத் தெரியல. மன்னிச்சுக்குங்க."

அனுப்பினேன். செத்துப்போயிட்டார் என்ற சொல் திரையில் இருந்தது. நான் எழுதியதுதான்.

தோற்ற பிறகு நள்ளிரவு வரை கூச்சல் ஓயாத இடம் அது. ஒன்பது நிமிடம் எதுவுமே வரவில்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால் தெரியும். பிறகு ஒருவர் "ஐயோ" என்று எழுதினார். இன்னொருவர் "நான் அவரைப் போய் ஒழிஞ்சு போன்னு சொன்னேனே" என்றார். இரங்கல்கள் வர ஆரம்பித்தன. தேவாலயத்து அடித்தளத்தில் கேட்ட அதே வார்த்தைகள். தலையை ஆட்டினால் போதும் என்று, யாரும் பார்க்காத சமையலறையில் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போது பெனால்டி பெட்டி வந்தார்.

"ஒரு நிமிஷம் எல்லாரும் நிறுத்துங்க. சட்டத்தை ஒழுங்காப் பாக்கணும். இன்னைக்குத் திரி ஆரம்பிச்சது யாரு? கீப்பர் வீட்டம்மா. அப்ப தோத்தது யாரு? கீப்பர் வீட்டம்மா. கீப்பர் நாலு திரி ஆரம்பிச்சாரு, நாலும் ஜெயிச்சாரு. அந்தாளு தோக்கவே இல்ல. ஒரு கோலும் விடல, ஒரு ஆட்டமும் தோக்கல. எழுதி வச்சுக்கோன்னு என்கிட்டச் சொன்னாருல்ல, இந்தா எழுதி வச்சுட்டேன்."

கொஞ்சம் இடம் விட்டு, கீழே இன்னும் இரண்டு வரி.

"அம்மா, நீங்க மொத வருஷமே ஒம்போது ஜெயிச்சிருக்கீங்க, அது பெரிய விஷயம். ஆனா சட்டம் சட்டம்தான். வெளிய போங்க. அக்டோபர் மொத ஆட்டத்துக்கு மத்தியானம் மூணு மணிக்குள்ள வந்து திரியைத் திறக்கணும். வரலேன்னா வீடு தேடி வந்திருவோம்."

உடனே சண்டை மூண்டது. கீப்பர் கணக்கில் நாலா பதிமூன்றா, முதல் வெள்ளிக்கிழமை வரிசையை அவர் கையால் எழுதி வைத்திருந்தால் அது யாருடைய வெற்றி என்று பக்கம் பக்கமாக அடித்துக்கொண்டார்கள். நான் வெளியேற்றப்பட்டவள், பேசக்கூடாது. பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன்.

பாதிப் பாஸ்டி தட்டில் ஆறிக் கிடந்தது. வீணாக்க மனமில்லாமல் ஒரு துண்டை வாயில் போட்டேன். கெட்சப் நாக்கில் பட்டது. இனிப்பு, புளிப்பு, ஜில்லென்று, சகிக்கவில்லை.

"இதையா இத்தனை வருஷம் ரசிச்சு ரசிச்சுத் தின்னீங்க?" என்று எதிர் நாற்காலியைப் பார்த்துச் சத்தமாகவே கேட்டேன். கேட்ட பிறகுதான் அழுகை வந்தது.