எங்கேயும் இடிக்காத கார்

நான் வண்டியை எதன் மீதும் இடித்ததில்லை. அரியலூர் டாக்ஸி ஸ்டாண்டில் யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம். அப்படிப்பட்ட என் அம்பாசடர், கல்லங்குறிச்சிக் கோயிலுக்குச் சவாரி போய்த் திரும்புகையில் நட்டநடு ரோட்டில் எரிந்துபோனது.

தை பிறந்தால் எங்கள் பக்கத்தில் ரோடுதான் களம். கொள்ளுச்செடியைப் பரப்பிவிட்டு, போகிற வண்டியெல்லாம் மிதித்துக் கொடுக்கட்டும் என்று ஓரமாக உட்கார்ந்துவிடுவார்கள். அந்தச் செடி வண்டிக்கு அடியில் சுற்றிக்கொண்டு, சைலன்சர் சூட்டில் பற்றிக்கொண்டது. சவாரி வந்தவர்களை இறக்கிவிடத்தான் நேரம் இருந்தது. பிழைப்பே போச்சு என்று அங்கேயே அழுதேன். பிறகு, ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று நினைவு வந்ததும் கொஞ்சம் தெம்பானேன். ஏஜெண்ட் என் மச்சினன் பரணிதரன்தான். பணத்தை அவன் கையில் கொடுப்பேன். அவன் தரும் இங்கிலீஷ் பேப்பரை அப்படியே வண்டியில் வைத்துக்கொள்வேன்.

மறுநாள் அவனைத் தேடினால் ஆளைக் காணோம். நானே இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் போனேன். ஃபுல் என்றால் இடித்தால் மட்டுமில்லை, தீப்பிடித்தாலும், மரம் விழுந்தாலும், வெள்ளத்தில் மூழ்கினாலும், திருடுபோனாலும் கிடைக்கும் என்றார் அங்கிருந்த அதிகாரி. ஆனால் என் வண்டிக்குப் போன வருஷம் கட்டியிருப்பது வெறும் தேர்ட் பார்ட்டியாம். நான் யார் மேலாவது மோதினால் அவர்களுக்குக் கிடைக்கும், எனக்குக் கிடையாது.

பஸ்ஸில் வரும்போது அவனை வாய்க்குள்ளேயே திட்டித் தீர்த்தேன். என் மனைவி அனுசுயாவை நினைத்தால்தான் பாவமாக இருந்தது. கூடப்பிறந்தவன் இப்படிச் செய்தான் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

நான் வாயைத் திறக்குமுன் அவளே ஆரம்பித்தாள்.

"தீப்பிடிச்சா இன்சூரன்ஸ் வராதாங்க. இடிச்சாத்தான் வருமாம். தம்பி வந்து சொல்லிட்டுப் போனான். நீங்க ஆபீசுக்கெல்லாம் அலையாதீங்க."

"அங்க போயிட்டுத்தான் வரேன்" என்றேன்.

அவள் முகம் செத்துப்போனது.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"பணம் வாங்கிட்டுப் போனப்பவே சொன்னான். ஏதோ அவசரச் செலவு, கம்மியா கட்டிட்டு மிச்சத்தை எடுத்துக்கறேன்னான். நீங்கதான் எங்கயும் இடிக்க மாட்டீங்களே, வண்டிக்கு என்ன ஆயிடப்போவுதுன்னு இருந்துட்டேன்."

மச்சினன் சட்டையைப் பிடித்து நாலு அறை விடலாம் என்று வந்தவன் நான். அந்தக் கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

"தெரிஞ்சிக்கிட்டேதான் ஒரு வருஷமா தெனமும் வண்டிக்குப் பொட்டு வெச்சு அனுப்புனியா?" என்று கேட்டேன்.