மொத்தத் தண்ணீர்

கலியமூர்த்திக்குக் கணக்கு என்றால் உயிர். தில்லியில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் துணை இயக்குநர். எந்த லாரி எப்போது எங்கே போனால் செலவு குறையும் என்று கம்ப்யூட்டரில் அட்டவணை போடுவது வேலை. லாரிகள் அந்த அட்டவணைப்படி ஒருநாளும் ஓடியதில்லை. அது லாரிகளின் குற்றம் என்பது அவர் கட்சி.

அவர் குடியிருந்த அரசாங்கக் கட்டடத்தில் ஒரே குழாயை நம்பி நான்கு வீடுகள், நான்கு மோட்டார்கள். விடியற்காலையில் தண்ணீர் வரும் கொஞ்ச நேரத்தில் எல்லோரும் ஒன்றாக மோட்டாரைப் போடுவார்கள். குழாய் காற்றைத்தான் கக்கும். மூன்றாம் மாடியில் அவர் மனைவி உஷாராணி மட்டும் எல்லோருக்கும் முன்னால் எழுந்து, சத்தமில்லாமல் முதல் தண்ணீரை இழுத்துவிடுவாள். திருட்டுத்தனம்தான். ஆனால் வீட்டில் தண்ணீர் இருந்தது.

படித்தவன் வீட்டில் இதென்ன அநாகரிகம் என்று கலியமூர்த்திக்குப் பொறுக்கவில்லை. தொண்ணூற்றெட்டு கோடையில் கட்டடத்தாரைக் கூட்டினார். மோட்டார் முறையைக் கம்ப்யூட்டர் முடிவு செய்யட்டும் என்றார்.

"அதுக்குச் சொந்தம் பந்தம் கிடையாது. அது சொன்னா சொன்னதுதான். அப்புறம் யாரும் மாத்தக் கூடாது." இதையே இந்தியிலும் ஒருமுறை முழங்கினார்.

முதல் மாடி மல்ஹோத்ரா, "அச்சா ஜி" என்றார். கீழ்வீட்டு நல்லசிவம் திருநெல்வேலிக்காரர். "கம்ப்யூட்டரே சொல்லிட்டா நாம என்னத்தவே பேச?" என்றார்.

கட்டடத்துக்கு ஏறும் மொத்தத் தண்ணீர் முடிந்தவரை அதிகமாக இருக்க வேண்டும் என்று ஆபீஸ் கம்ப்யூட்டருக்குக் கட்டளை கொடுத்தார். இரண்டு மடங்கு ஏறும் என்று விடை வந்தது. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. அந்த ஒரு எண்ணைப் பார்த்த கையோடு அட்டவணையை அச்சடித்து மாடிப்படியில் ஒட்டிவிட்டார்.

உஷாராணிதான் அதை முழுசாகப் படித்தாள். கீழ்வீட்டுத் தொட்டி நிரம்பும்வரை கீழ்வீடு. பிறகு முதல் மாடி, பிறகு இரண்டாம் மாடி. அதற்குள் தண்ணீர் நின்றுவிடும். மூன்றாம் மாடிக்கு எதிரே பூஜ்யம்.

"என்னங்க இது?"

மேலே ஏற்ற ஏற்றத் தண்ணீர் குறையும், மொத்தம் அடிபடும். கம்ப்யூட்டர் சொன்னதைச் செய்திருந்தது. எந்த வீடும் வறண்டுபோகக் கூடாது என்று அதனிடம் சொல்ல இவர்தான் மறந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை உஷாராணியின் அண்ணன் குடும்பத்தோடு தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் வந்து இறங்குகிறார். முன்போல் திருடவும் வழியில்லை. இப்போது அத்தனை பேரும் விழித்திருந்து தங்கள் முறையைக் காவல் காத்தார்கள்.

திருத்திய அட்டவணையோடு கீழே ஓடினார். நல்லசிவம் அதைத் தொடக்கூட இல்லை.

"ஏன்வே, எங்களுக்குக் கிடைக்காட்டி அது கணக்கு, உமக்குக் கிடைக்காட்டி தப்புக் கணக்கோ? யாரும் மாத்தக் கூடாதுன்னு நீருதான சொன்னீரு!"

தப்பு என்னுடையது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். துணை இயக்குநர் அட்டவணையைச் சுருட்டிக்கொண்டு திரும்பி நடக்கப் பார்த்தார்.

"வேணும்னா எங்க வீட்டுல நாலு வாளி புடிச்சுக்கிடும்," என்றார் நல்லசிவம், பெரிய மனசோடு.

ஞாயிறு காலை கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாளியும் கையுமாக மூச்சிரைக்கப் படியேறினார் கலியமூர்த்தி. ரயில் புழுதியோடு வாசலில் நின்ற மைத்துனர் பதறிப்போனார்.

"என்ன மாப்ள, நீங்க போய்த் தூக்கிட்டு? மோட்டார் ரிப்பேரா?"

"மோட்டாருக்கென்ன, நல்லாத்தான் இருக்கு," என்றாள் உஷாராணி. "உன் மாப்ள கணக்குப் போட்டாரு, கட்டடத்துக்கே தண்ணி ரெண்டு மடங்காயிடுச்சு. நீ சீக்கிரம் குளிச்சுட்டு வாண்ணே. அண்ணிக்கு அவரு இன்னொரு தடவ இறங்கணும்."