இடம் மாறிய இரண்டு நாற்காலிகள்

சனிக்கிழமைதோறும் பிற்பகல் மூன்று மணிக்கு நூலகத்தின் மாடியில் கூடும் அந்த வகுப்பில் பதின்மூன்று மாணவர்கள். அவர்களுக்குள் பொதுவாக இருந்தது ஒன்றுதான்: அந்த ஊரின் மொழி எவருக்கும் தாய்மொழி அன்று. வெவ்வேறு நாடுகளிலிருந்து பிழைக்க வந்து, கடையிலும் வேலையிடத்திலும் வாய் திறந்து பேச வேண்டும் என்பதற்காகவே படிக்க வந்தவர்கள். மேசை மீது ஒரு பித்தளை மணியை வைத்துக்கொண்டு பாடம் நடத்தியதால் ஆசிரியைக்கு 'மணி டீச்சர்' என்ற பெயர் நிலைத்துவிட்டது.

பேசப் பழக வேண்டுமானால் சண்டை போட வேண்டும் என்பது மணி டீச்சரின் கொள்கை. ஆகவே வாரம் ஒரு விவாதம். பேசப்போகிற இருவரும் முந்தைய வாரமே பீங்கான் குவளையிலிருந்து சீட்டு எடுக்க வேண்டும். சீட்டில் எந்தக் கட்சி வருகிறதோ அந்தக் கட்சிக்காகத்தான் பேச வேண்டும். சொந்தக் கருத்தை யாரும் கேட்பதில்லை. கேட்டுக்கொண்டிருப்பவர்கள், யார் பேச்சு பிடிக்கிறதோ அவர் பக்கம் தங்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் உட்காரலாம். ஒரு கட்சிக்கு ஜன்னல் பக்கம், மறு கட்சிக்கு வாசல் பக்கம். மணி அடிக்கும் வரை யார் வேண்டுமானாலும் இடம் மாறலாம். அடித்தபின் எண்ணிக்கை. தோற்ற கட்சிக்குப் பேசியவர், வென்ற கட்சி சொன்னபடி அந்த வாரம் ஒரு காரியமாவது செய்து காட்ட வேண்டும்.

இது விளையாட்டல்ல. 'காலைத் தூக்கமே சிறந்தது' என்ற கட்சியிடம் தோற்ற ரொட்டிக்கடைக்காரர், ஞாயிற்றுக்கிழமை ஏழு மணி வரை கூரையைப் பார்த்தபடி படுத்துக் கிடந்தார். 'கடிதமே நல்லது' என்ற கட்சியிடம் தோற்ற தச்சர், ஆறு ஆண்டுகளாகப் பேசாத தம்பிக்கு அரைப் பக்கம் எழுதினார். நான்கு பக்கத்துக்குப் பதில் வந்தது.

சென்ற வாரம் வகுப்பு முடியும் நேரத்தில்தான் அந்தப் பேச்சு கிளம்பியது.

"எங்க நாட்டுல பொம்பளைங்க ராஜ்ஜியம்தான். நான் வீட்டுல வாயே தொறக்கறதில்ல" என்றார் ரொட்டிக்கடைக்காரர்.

"வாயத் தொறக்காம இருக்கறது நீங்க. அப்புறம் எதுக்கு எல்லா முடிவும் உங்க முடிவா இருக்கு?" என்று கேட்டாள் தீவிலிருந்து வந்த நர்ஸ்.

"எங்க மலையில நிலமெல்லாம் பொம்பளைங்க பேர்லதான்" என்றார் தச்சர் பெருமையாக. "என்ன, ஊர்க்கூட்டத்துல மட்டும் பேச மாட்டாங்க."

"பேச மாட்டாங்களா, பேச விட மாட்டீங்களா?" என்றாள் நர்ஸ்.

தச்சர் தலையைச் சொறிந்தார். "அத யாரும் கேட்டுப் பாத்ததில்லையே."

"எங்க ஊர் மட்டும் என்ன வாழுது?" என்று நர்ஸே ஒப்புக்கொண்டாள். "பொம்பளை டாக்டராகலாம், மந்திரியாகலாம். படகுல கால வச்சா மட்டும் மீன் ஓடிடுமாம்."

"மீனுக்கு அவ்வளவு விவரம் தெரியுமா?" என்றார் ரொட்டிக்கடைக்காரர். வகுப்பே சிரித்தது. மணி டீச்சர் கரும்பலகையில் அடுத்த வாரத் தலைப்பை எழுதினார்: 'மனைவி வேலைக்குப் போகக் கணவனிடம் கேட்க வேண்டுமா?' பேசும் முறை வகுப்பில் இருந்த ஒரே தம்பதிக்கு வந்திருந்தது.

கணவர் மின்தூக்கி பழுது பார்ப்பவர். வாதத்தில் தோற்றதே கிடையாது என்பதால் உறவினர் எல்லோரும் அவரை 'வக்கீல்' என்றே அழைத்தார்கள். மனைவிக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. பேருந்துப் பணிமனையில் கழுவும் பிரிவில் அவளுக்கு வேலை. கழுவி முடித்த பேருந்துகளை ஓட்டிச்சென்று வரிசையில் நிறுத்துவதும் அவளே. தரையில் போட்ட கோட்டிலிருந்து விரற்கடை விலகாமல் நிறுத்துவாள் என்பதால் அங்கே அவள் பெயர் 'நேர்கோடு'.

குவளையில் கை விட்டார்கள். நேர்கோட்டுக்கு 'கேட்க வேண்டும்' என்று வந்தது. வக்கீலுக்கு 'கேட்க வேண்டியதில்லை'.

"சாமி! இவர இந்தக் கட்சில பாக்கறதுக்கு நான் வேலைக்கு லீவு போட்டாவது வருவேன்" என்றாள் நர்ஸ்.

எல்லோரும் சிரித்தபோது நேர்கோடு மட்டும் கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அதற்குள் ஒரு கடிதம் இருந்தது. பணிமனை மேலாளர் கொடுத்தது. பேருந்து ஓட்டுநர் பயிற்சிக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். பக்கத்து நகரத்தில் தங்கிப் பன்னிரண்டு வாரம் படிக்க வேண்டும். சம்மதக் கடிதம் அடுத்த விவாதம் முடிந்து வரும் திங்கட்கிழமை காலைக்குள் போய்ச் சேர வேண்டும்.

வக்கீல் கெட்டவர் அல்லர். கை ஓங்கியதில்லை, குரல் உயர்த்தியதுமில்லை. எதைக் கேட்டாலும் "பாக்கலாம்" என்பார், அவ்வளவுதான். சமையலறை ஜன்னலுக்கு வண்ணம் அடிப்பது, அவளுக்கு ஒரு சைக்கிள் வாங்குவது எல்லாம் அந்தப் "பாக்கலாம்" என்ற கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தன. இந்தக் கடிதத்தையும் அந்தக் கிணற்றில் போட அவளுக்கு மனம் வரவில்லை. கேட்காமல் அனுப்பவும் துணிவு வரவில்லை.

அன்று வீடு திரும்பும் வழியில்தான் அவளுக்கு அந்த எண்ணம் உதித்தது. தோற்றுப் போனால்? 'கேட்க வேண்டியதில்லை' என்ற கட்சி வென்றால், அதன்படி ஒரு காரியம் செய்தே தீர வேண்டும். வகுப்பின் விதி. யாரும் குறை சொல்ல முடியாது!

அந்த வாரம் முழுவதும் வக்கீல் வீட்டிலேயே ஒத்திகை பார்த்தார். பல் துலக்கும்போதும் விட்டபாடில்லை.

"பொண்டாட்டி என்ன கொழந்தையா, கேட்டுட்டு வெளிய போக? எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குங்க. இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லுங்க" என்றாள் அவள், உள்ளூர மகிழ்ந்து.

சனிக்கிழமை காலையில் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு உறையை ஒட்டினாள். நூலக வாசலில் நின்ற தபால் பெட்டிக்கு முன்னால் அன்று மூன்று முறை நின்றாள். மூன்று முறையும் உறை பைக்குள்ளேயே திரும்பிவிட்டது. கடைசித் தபால் ஐந்து மணிக்கு எடுப்பார்கள்.

விவாதம் தொடங்கியது. தோற்பதற்காகவே பேச வந்தவளிடம் ஒரு குறை இருந்தது: எந்த வேலையையும் அவளுக்கு அரைகுறையாகச் செய்யத் தெரியாது. கோட்டைத் தாண்டி நிறுத்து என்றால் அவளால் முடியுமா?

"ஒரே லிப்ட்ல ரெண்டு பேர் ஏறி, ஒருத்தர் மேல போக, ஒருத்தர் கீழ போகப் பட்டன் அழுத்தினா லிப்ட் என்னங்க பண்ணும்?" என்று கேட்டாள். "ஏறும்போதே ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டா என்ன?"

வக்கீல் மீசைக்குள் சிரித்தார். "இருபது வருஷமா லிப்ட்டோட குடும்பம் நடத்தறேன், என்கிட்டயேவா? ரெண்டு பட்டனையும் அது ஞாபகம் வச்சுக்கும்மா. மொதல்ல ஒருத்தர எறக்கி விட்டுட்டு, அடுத்தவரக் கூட்டிட்டுப் போகும். லிப்ட்டுக்கே தெரியுது, ரெண்டு பேர் ஆசையும் ஒரே பெட்டில அடங்கும்னு! இதுல யார் யாரக் கேக்கணும்?"

கைதட்டல் எழுந்தது. ஐந்து நாற்காலிகள் தரையில் உராய்ந்தபடி வாசல் பக்கம் நகர்ந்தன. அவளுக்கு நிம்மதி. அத்துடன் உட்கார்ந்திருக்கலாம், வாய் கேட்கவில்லை.

"கேக்கறதுன்னா கெஞ்சறது இல்லைங்க" என்றாள் மெதுவாக. "எட்டு வருஷத்துக்கு முன்னாடி, இந்த ஊருக்கு வர்றதா இவர் முடிவு பண்ணினார். என்கிட்ட சொன்னப்போ பெட்டி கட்டி முடிஞ்சிருந்தது. வந்தது தப்பில்ல. எனக்கு இந்த ஊர் பிடிச்சிருக்கு. ஆனா அந்தப் பெட்டியப் பாத்தப்போ, என் துணியெல்லாம் அதுல இருந்தது, நான் மட்டும் வெளிய நின்ன மாதிரி இருந்தது. அந்த மாதிரி அவருக்கு இருக்கக் கூடாதுன்னு நெனைக்கறேன். அதனாலதான் கேக்கணும்னு சொல்றேன். பொண்டாட்டி மட்டும் இல்ல, ரெண்டு பேருமே."

முதலில் ரொட்டிக்கடைக்காரர் எழுந்தார். நாற்காலியை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வைத்துவிட்டு மூக்கை உறிஞ்சினார். தச்சர் எழுந்தார். நர்ஸ், "என் கட்சி இது இல்லதான், ஆனா என்ன பண்றது" என்று முணுமுணுத்தபடி வந்தாள். இன்னும் மூவர் தொடர்ந்தார்கள்.

ஜன்னல் பக்கம் அவளோடு சேர்த்து ஏழு. வாசல் பக்கம் வக்கீலோடு சேர்த்து ஆறு.

வென்றுகொண்டிருக்கிறோம் என்பது புரிந்ததும் அவளுக்குத் திக்கென்றது. கடிகாரம் நான்கரையைத் தொட்டது. மணி டீச்சரின் கை மணியை நோக்கிப் போனது.

நேர்கோடு எழுந்தாள். தன் நாற்காலியை இரு கைகளாலும் தூக்கிக்கொண்டு வாசல் பக்கம் நடந்தாள்.

"ஏய், எங்க போற? நீதான் ஜெயிக்கற!" என்று கத்தினாள் நர்ஸ்.

அறையின் நடுவில் ஏதோ இடித்தது. இன்னொரு நாற்காலியின் கால். அந்த நாற்காலிக்குப் பின்னால் வக்கீல் நின்றுகொண்டிருந்தார், ஜன்னல் பக்கம் போகும் வழியில்.

"நீங்க எங்கங்க வர்றீங்க?"

"உன் பக்கந்தான்" என்றார் அவர். கண் கலங்கியிருந்தது. "பெட்டி விஷயம் என்கிட்ட நீ சொன்னதே இல்லையேம்மா."

"நீங்க கேக்கலையே."

இருவரும் நாற்காலிகளைப் பக்கவாட்டில் சாய்த்து, ஒருவருக்கொருவர் வழிவிட்டு, எதிரெதிர்ப் பக்கங்களில் போய் உட்கார்ந்தார்கள். மணி அடித்தது. ஜன்னல் பக்கம் ஏழு, வாசல் பக்கம் ஆறு. ஆட்கள் மாறினார்களே தவிர எண்ணிக்கை மாறவில்லை.

மணி டீச்சர் இரண்டு முறை எண்ணிப் பார்த்தார். "கேக்கணும்ங்கற கட்சிதான் ஜெயிச்சுது. தோத்த கட்சிக்குப் பேசினது வக்கீல் சார். இப்ப எங்க உக்காந்திருந்தாலும் சரி."

"சரி, விதின்னா விதி" என்று வக்கீல் எழுந்து நின்றார். வாழ்நாளில் முதல் தோல்வி. முகத்தில் என்னவோ பரிசு வாங்கிய களை. மனைவியைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார். "எட்டு வருஷம் லேட்டு. இருந்தாலும் கேக்கறேன். இந்த ஊர்ல என்னோட இருக்க உனக்குச் சம்மதமா?"

அவள் கைப்பையைத் திறந்து உறையை எடுத்தாள். அதை அவரிடம் நீட்டினாள்.

"சம்மதங்க. ஆனா பன்னெண்டு வாரம் பக்கத்து ஊர்ல இருப்பேன். பஸ் ஓட்டப் படிக்கப் போறேன். கையெழுத்து காலையிலயே போட்டாச்சு. தபால் பெட்டிகிட்ட மூணு தரம் நின்னேன், உங்ககிட்ட சொல்லாம உள்ள போட மனசு வரல."

வக்கீல் உறையை வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். வாய் பழக்கத்தில் திறந்தது. "பாக்..."

பதினொரு பேரும் மணி டீச்சரும் அவரையே முறைத்தார்கள். மலையும் தீவும் அந்த ஒரு முறைப்பில் ஒரே நாடாகிவிட்டன.

"பாக்... பாக்கெட்ல ஸ்டாம்ப் இருக்கான்னு பாத்தேன்" என்றார் வக்கீல் அவசரமாக. சட்டைப் பையில் கைவிட்டு, மின்சாரம் வருகிறதா என்று பார்க்கும் டெஸ்டரை வெளியே எடுத்தார். அறை அதிர்ந்து போகும்படி ஒரு சிரிப்பு எழுந்தது. அஞ்சல் தலையை நர்ஸ் கொடுத்தாள்.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பதினான்கு பேரும் படியிறங்கி வந்து தபால் பெட்டியைச் சூழ்ந்துகொண்டார்கள். உறையை உள்ளே போட்டவள் அவள்தான். சரியாக விழுந்ததா என்று பெட்டியின் வாய்க்குள் எட்டிப் பார்த்தவர் வக்கீல்.

வீட்டுக்குப் போகும் பேருந்தில் அவர் விதியை விடுவதாக இல்லை. "ஏம்மா, ஜன்னல் ஓரம் நான் உக்காரட்டுமா?" "ராத்திரிக்குச் சமையல் நான் பண்ணட்டுமா?" "நீ பஸ் ஓட்ட ஆரம்பிச்சா, மொத நாள் மொத சீட்ல நான் ஏறிக்கட்டுமா?"

நேர்கோடு ஓட்டுநரின் கைகளையே கவனித்துக்கொண்டிருந்தாள். நிறுத்தத்தில் பேருந்து ஓரக்கல்லிலிருந்து ஒரு முழம் தள்ளி நின்றதைக் கண்டு, நாவினால் மெல்ல 'ச்சு' கொட்டினாள். பிறகு கணவர் பக்கம் திரும்பாமலே, சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்:

"பாக்கலாம்."