கோபுரத்தின் முதுகு

1
இந்தக் கதை பல் மருத்துவரின் வரவேற்பறையில் பிறந்தது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிர்ச்சுவரில் ஏதோ வெளிநாட்டு ஊரின் ஓவியம். கட்டடங்களெல்லாம் எனக்கு முதுகைக் காட்டி நின்றன. வரைந்தவர் நிச்சயம் அந்த ஊர்க்காரர் இல்லை.

2
‘அந்நிய நகரத்தின் மூடுபனியில் அவள் தன்னந்தனியாக…’

(வேண்டாம். அழுமூஞ்சித் தொடக்கம் இவளுக்கு ஒத்துவராது.)

ஓவியக்காரி தன் அக்கா வீட்டுக்கு வந்து மூன்று வாரம். அக்காவுக்கு அது இருபது வருஷத்து ஊர். இவளுக்குப் பாஷையே தெரியாது. பேருந்து நிலையக் கூடத்தில் மாட்ட ஊரின் படம் ஒன்று வேண்டுமென்றார்கள். அந்த வேலையை அக்காதான் தங்கைக்குப் பேசிப் பிடித்தாள். ஜன்னலுக்கு எதிரே தெரியும் கோபுரத்தை வரையச் சொல்லிவிட்டு வேலைக்கு ஓடினாள்.

தங்கை வரைந்தாள். மழைநீர் வழிந்து கறுத்த செங்கல், துருப்பிடித்த குழாய், குனிந்தால் மட்டுமே நுழைய முடிகிற பச்சைக் கதவு. ரசித்து ரசித்து வரைந்தாள்.

3
(இங்கே ஒரு காதலனை நுழைக்கப் பார்த்தேன். அவள் தலைநிமிரவே இல்லை. வந்த வழியே அனுப்பிவிட்டேன்.)

நிலையக் கூடத்தில் படத்தை மூடியிருந்த துணியை விலக்கியதும் நிலைய அதிகாரி ஏதோ கேட்டார். அக்கா தலையில் கைவைத்துக்கொண்டாள்.

“கடிகாரம் எங்கன்னு கேக்கறாரு. அடியே, நீ வரைஞ்சது அதோட முதுகுடி.”

கோபுரத்தில் கடிகாரம் இருப்பதே தங்கைக்கு அப்போதுதான் தெரியும். காது சூடேறியது. படத்தை எடுத்துப் போகச் சொன்னார் அதிகாரி.

கூடத்துக் கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டிருந்த பெண் ஏணியிலிருந்து இறங்கி வந்தாள். கோபுரக் கடிகாரமும் அவள் பொறுப்புதான். படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு அதிகாரியிடம் பேசினாள். அக்கா மெல்ல மொழிபெயர்த்தாள்.

“இருபத்தாறு வருஷமா இந்தக் கதவு வழியாத்தான் குனிஞ்சு குனிஞ்சு வேலைக்குப் போறாங்களாம். இதப் போய் ஒருத்தி வரைஞ்சிருக்காளேன்னு சொல்றாங்க.”

அதே ஊரில் பிறந்த அதிகாரிக்கு அந்தக் கதவைத் தெரியாது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். பிறகு அவரே ஆணி தேடிப் போனார்.

4
தெருமுனையில் அக்கா தங்கையின் கையைப் பிடித்து இழுக்கிறாள். கடிகாரத்தை ஒருதடவையாவது பார்த்துவிட்டு வரலாமாம். பார்த்துவிட்டால் தானும் இந்த ஊர்க்காரியாகிவிடுவோமோ என்று தங்கைக்குப் பயம். ஆசையாகவும் இருக்கிறது. இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

இரண்டு முடிவுகள் எழுதினேன்: ஒன்றில் கடிகாரத்தைப் பார்க்கிறாள், மற்றதில் பார்க்காமல் திரும்புகிறாள். இரண்டிலும் அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள். அதனால் இரண்டையும் அடித்துவிட்டேன். அவர்கள் இன்னும் முனையில்தான் நிற்கிறார்கள். ஒரு கையை அக்கா பிடித்திருக்கிறாள், மற்றது சும்மாதான் இருக்கிறது. நீங்கள் எந்தப் பக்கம் இழுக்கிறீர்கள்?